நுவரெலியா தபால் கந்தோரின் ஆயுசு

1885இல் ரயில் நுவரெலியாவுக்குப் பக்கத்து நானுஓயா வரை ஏறிவந்தது. ஒன்பது ஆண்டு கழித்து, 1894இல், நுவரெலியா நகரின் நடுவே இரண்டு மாடித் தபால் கந்தோர் எழுந்தது. சிவப்புச் செங்கல், செங்குத்தான கூரை, மணிக்கூட்டுக் கோபுரம், டியூடர் பாணி. வெள்ளைக்காரத் தொரைமார் ஊர் ஏக்கம் தீரக் கட்டிக்கொண்டது போலத்தான் இன்றும் நிற்கிறது.

ஆனால் அதன் வழியாகப் போன கடிதங்கள் தொரைமாருடையவை மட்டுமல்ல. யார் இந்தியாவுக்குப் போவது, யார் இலங்கையில் தங்குவது என்று பிரித்த 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் தோட்டக் குடும்பங்களைப் பிளந்தது. அண்ணன் தலைமன்னாரில் கப்பலேற, தம்பி தோட்டத்து லயத்திலேயே தங்கினான். பிறகு உறவு முழுக்கத் தாளில்தான். லயக் காம்பிராவுக்குத் தனி விலாசம் கிடையாது. கடிதம் தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து கைமாறி லயத்துக்குப் போகும். பிந்தியும் போகும், போகாமலும் விடும். நேர்முகத் தேர்வு முடிந்தபின் அழைப்புக் கடிதம் கைக்கு வந்த கதை மலையகத்தில் பழசு.

2023இல் இந்தத் தபால் கந்தோரை ஹோட்டலாக்கக் குத்தகைக்குக் கொடுக்கும் திட்டம் வந்தது. நவம்பரில் தபால் ஊழியர்கள் அதை எதிர்த்து நாடளாவிய வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பழைய கட்டடத்தைக் காப்பாற்ற ஹோட்டல்தான் வழி என்ற வாதம் எனக்கு ஒப்பவில்லை. அதற்கு வேண்டியது வைத்தியம், புது எசமான் அல்ல.

வைத்தியத்தில் முதலாவது நிலநடுக்கத்துக்கானது. 2020இல் கண்டிக்குப் பக்கத்தில் திகனையில் நிலம் லேசாக அதிர்ந்தது. மலைநாடு அசையாது என்ற நம்பிக்கையும் கொஞ்சம் ஆடியது. செங்கல் சுவர் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும்; பக்கவாட்டு உதைக்குத் தாங்காது. மாடித்தளம் சுவரைவிட்டுப் பிரிந்தால் சுவர் வெளியே சாயும். முதலில் விழுவது கோபுரமும் புகைக்கூண்டும். அதனால் இத்தகைய கட்டடங்களில் தளத்து உத்தரங்களை இரும்புக் கம்பியால் சுவரோடு கட்டுவார்கள். கோபுரத்துக்கு உள்பக்கம் இரும்புச் சட்டம் கொடுப்பார்கள். தெருவில் நிற்பவர் கண்ணுக்கு எதுவும் மாறியிருக்காது.

இந்த மலையில் நிலநடுக்கத்தைவிடப் பொல்லாதது தண்ணீர். சுண்ணாம்புச் சாந்துச் சுவருக்கு ஈரத்தை வெளியே விடத் தெரியும். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு, செங்கல் முகம் உரிந்து கொட்டும். ஆகவே பூச்சும் பழைய சுண்ணாம்பாகவே இருக்கவேண்டும். பீலியும் வடிகாலும் அடைபடாமல் ஓடவேண்டும். இதற்கெல்லாம் கந்தோரை மூடவும் தேவையில்லை. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போகலாம். முத்திரை விற்பவர் மேசையை நகர்த்திக்கொள்வார்.