ஆண்டுக்கொரு நாள் கூடும் நட்பு

கொழும்பு வானொலி 1925 டிசம்பர் 16ஆம் திகதி முறையாக ஒலிபரப்பைத் தொடங்கியது. அந்த நூற்றாண்டு வரலாற்றை எழுதுவோர் அறிவிப்பாளரின் குரல்வளம், உச்சரிப்புத் தூய்மை, கடல் கடந்த புகழ் ஆகியவற்றை விரிவாகவே பதிவு செய்கின்றனர். ஒலிவாங்கியின் முன் ஒன்றாக நின்றவர்களின் நட்பு மட்டும் அந்த வரலாற்றின் ஓரத்திலேயே நின்றுவிடுகிறது. அதைத் தனிப்பட்ட விடயம் என்று ஒதுக்குவது சரியன்று. பிறர் துயர் தீர்ப்பதற்காக ஆண்டுதோறும் குறித்த நாளில் சேர்ந்து உழைப்பவர்களின் நட்பு சமூகத்தின் சொத்து. அந்நட்பு அறப்பணியைத் தாங்குகிறது; அப்பணியும் நட்பைக் கலையவிடாமல் காக்கிறது.

இதற்கு மிகத் தெளிவான சான்று அமெரிக்காவில் இருக்கிறது. தசைநலிவு நோயாளருக்காக நகைச்சுவை நடிகர் ஜெரி லூயிஸ் 1966 முதல் 2010 வரை, செப்டெம்பர் மாதத் தொழிலாளர் தின விடுமுறையை ஒட்டி நடத்திய நிதி திரட்டும் நிகழ்ச்சி, பல ஆண்டுகள் இருபது மணி நேரத்துக்கும் மேலாக இடைவிடாது ஒளிபரப்பாயிற்று. 1970களிலிருந்து 2008 வரை அவருக்குத் துணைநின்றவர் தொலைக்காட்சி அறிவிப்பாளர் எட் மக்மஹொன். சேர்ந்த தொகையை அறிவிக்கும் நேரம் வந்ததும் லூயிஸ் முரசொலிக்குக் குரல் கொடுப்பார்; முரசு அதிரப் புதிய தொகை பலகையில் ஏறும். இந்த மேடையில் இன்னொரு நட்பும் உயிர் பெற்றது. லூயிஸும் பாடகர் டீன் மார்ட்டினும் 1946இல் இணைந்து பெரும்புகழ் ஈட்டி, 1956இல் மனக்கசப்புடன் பிரிந்தவர்கள். 1976ஆம் ஆண்டு நிகழ்ச்சியில் பாடகர் பிராங்க் சினாட்ரா முன்னறிவிப்பின்றி மார்ட்டினை மேடைக்கு அழைத்து வந்தார். இருபதாண்டுப் பிணக்குடைய இருவரும் பார்வையாளர் முன்னிலையில் தழுவிக்கொண்டனர்.

கமெராவுக்காகத் தழுவுவது நட்பாகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். முகத்தளவில் மலரும் நட்பை வள்ளுவரும் நட்பாக ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் 1987இல் மார்ட்டினின் மகன் விமான விபத்தில் இறந்தபோது, லூயிஸ் யாருக்கும் அறிவிக்காமல் இறுதிச் சடங்குக்குச் சென்று பின்வரிசையில் அமர்ந்திருந்தார். அதன் பின்னரே இருவரும் மீண்டும் நெருங்கினர். மேடை நட்பை முழுமையாக்கவில்லை. அடைபட்டிருந்த கதவைத் திறந்துவைத்தது. நம் வானொலியிலும் இதற்கு ஒப்பான சான்று உண்டு. ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்ற நகைச்சுவைத் தொடரில் ராமதாஸ் மரிக்காராகவும், செல்வசேகரன் உபாலியாகவும், ராஜகோபால் அப்புக்குட்டியாகவும், பி.எச். அப்துல் ஹமீட் ஐயராகவும் நடித்தனர். இந்துவொருவர் முஸ்லிமாக, தமிழரொருவர் சிங்களவராக, முஸ்லிமொருவர் ஐயராகப் பேசி, இலங்கையின் பல சமூகங்களையும் ஒரே வீட்டுக்குள் சிரிக்கவைத்தனர். ‘மரிக்கார்’ ராமதாஸ், ‘உபாலி’ செல்வசேகரன் என்று பாத்திரப் பெயர்களே அவர்களுக்கு அடைமொழிகளாயின. ஒலிவாங்கியின் முன் விளைந்த தோழமை நேயரின் உள்ளத்திலும் உண்மையாகவே வேரூன்றியது. நேரில் காணாமலே உயிர்நட்புப் பூண்ட பிசிராந்தையாரையும் கோப்பெருஞ்சோழனையும் போற்றும் மரபினருக்கு, முகம் தெரியாத குரலோடு கொள்ளும் நட்பு புதுமையன்று.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கூர்மையானது. இத்தகைய நிகழ்ச்சிகள் நோயாளரைப் பரிதாபத்துக்குரியவராகக் காட்டிப் பணம் சேர்க்கின்றன என்பதே அது. ஒருகாலத்தில் தசைநலிவு நோயாளருக்காக நிதி திரட்டிய அமைப்பின் விளம்பரங்களில் இடம்பெற்ற குழந்தைகள் சிலர், வளர்ந்தபின் 1990களில் லூயிஸுக்கு எதிராகவே போராடினர். இக்குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. இரண்டு பில்லியன் டொலருக்கு மேல் திரண்டது என்ற பெருமையால் அதை மூடிவிட முடியாது. என்றாலும் குறை ஆண்டு ஒலிபரப்பில் இல்லை; மேடையில் யாருக்கு இடம், யாருக்குக் குரல் என்று முடிவுசெய்த முறையில்தான் இருக்கிறது. திருக்குறள் ஈகைக்கு முன்னதாக ஒப்புரவறிதலை வைத்திருக்கிறது. ஊராரோடு ஒத்து வாழும் உணர்வு முதலில் வந்தால், கொடுப்பவர் மேலே, பெறுபவர் கீழே என்ற படிநிலை எழாது. உதவி பெறுபவரே நிகழ்ச்சியை வழிநடத்தும் தோழராக அமர்ந்தால் பரிதாபத்துக்கு அங்கே வேலையில்லை.

நட்பை நம்பிய பணி நண்பரோடு முடிந்துவிடாதா என்பது மூன்றாவது ஐயம். லூயிஸ் விலகியபின் அவருடைய நிகழ்ச்சி ஆண்டுக்காண்டு சுருங்கி, 2014ஆம் ஆண்டு ஒளிபரப்போடு நிறுத்தப்பட்டது. ஆனால் பிரித்தானியாவில் வேறு விதமாக நடந்தது. பிபிசி 1927ஆம் ஆண்டு நத்தார் தினத்தில் சிறுவர்களுக்காக வானொலியில் நிதி திரட்டியது. அம்மரபிலிருந்து 1980இல் முழுநீளத் தொலைக்காட்சி நிகழ்ச்சியாக வளர்ந்த ‘சில்ட்ரன் இன் நீட்’ மேடையில் ஒலிபரப்பாளர் டெரி வோகன் 2014 வரை முன்னின்றார். 2016இல் அவர் மறைந்த பின்னரும் நவம்பர் மாதம் வந்தால் அந்நிகழ்ச்சி நடக்கிறது. ஒருவரின் ஆளுமையை மட்டும் சார்ந்த பணி அவரோடு தளர்கிறது. நாளையும் பொறுப்பையும் நிறுவனம் ஏற்றுக்கொண்ட பணி தலைமுறை கடக்கிறது. நட்பு விதைக்க வேண்டும், நிறுவனம் காக்க வேண்டும்.

கொழும்புத் தமிழருக்குக் குறித்த நாளில் கூடும் பழக்கத்தை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆடிவேல் காலத்தில் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைக் கோயில்களை நோக்கித் தேர் புறப்படுவதும், ஜூன் 13இல் கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழாவில் எல்லா மதத்தினரும் திரள்வதும் அப்பழக்கத்தின் அடையாளங்களே. ஆற்றல் உண்டு, நேயர் உண்டு, மரபும் உண்டு. ஆகவே நம் தமிழ் வானொலிகள் போட்டியை ஒரு நாளுக்கு ஒதுக்கிவைத்து, ஆண்டில் ஒரு நாளைப் பொது அறத்துக்கெனக் குறிக்க வேண்டும். அன்று மூத்த ஒலிபரப்பாளரும் இளையவரும் ஒரே கலையகத்தில் அமரட்டும். உதவி பெறுவோர் தம் தேவையைத் தாமே சொல்லட்டும். சேர்ந்த தொகைக்கும் செலவுக்கும் அடுத்த ஆண்டு அதே நாளில் கணக்கு வாசிக்கப்படட்டும். மறைந்த ஒலிபரப்பாளர்களின் நட்புக்கு நாம் செய்யக்கூடிய தகுதியான நினைவஞ்சலி இதுவே.