குதிரையேற்றப் பயிற்சியைத் திட்டமிடுதல்

குதிரையேற்றப் பயிற்சி என்பது குதிரையும் ஏறுபவரும் சேர்ந்து ஒரு பாடத்தைப் பழகும் வேலை. வழக்கமாக முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை நீளும்; இளங்குதிரைக்கு அரை மணி போதும். அந்த நேரத்தில் எதைப் பழக்குவது, எந்த வரிசையில் பழக்குவது, எங்கே நிறுத்துவது என்பவற்றை ஏறுமுன்பே முடிவு செய்துகொள்வதுதான் திட்டமிடுதல். இதற்கென உள்ள கையேடுகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தென்கேரளத்தின் ஈரக்காற்றிலும் தமிழ்நாட்டுக் கரையோர வெக்கையிலும் அவற்றை அப்படியே பின்பற்றினால் பாடம் முடியுமுன் குதிரை தளர்ந்துவிடும். திருவனந்தபுரம் மாவட்டத்துக் கல்லாறு போன்ற ஓரிடத்தில் ஒரு பயிற்சி எப்படி அமைய வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இடமும் குதிரையும்

கல்லாறு, திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி போகும் சாலையில் விதுரைக்கு அப்பால், மலையடிவாரத்தில் உள்ள சிற்றூர். ஊருக்குப் பெயர் தந்த ஆறு உருண்டைக் கற்கள் நிறைந்தது. வாமனபுரம் ஆற்றோடு சேர்வது. ஊரைத் தாண்டினால் பொன்முடிக்கு ஏறும் 22 கொண்டை ஊசி வளைவுகள். குதிரைக்குப் பேர்போன ஊர் அல்ல. மாவட்டத்தில் குதிரையைப் பார்க்கத் தலைநகருக்குத்தான் போக வேண்டும். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் கட்டிய குதிரைமாளிகையின் இறவாரத்தில் மரத்தில் செதுக்கிய 122 குதிரைகள் நிற்கின்றன. உயிருள்ளவை கேரளக் காவல்துறையின் குதிரைப் பிரிவில் இருக்கின்றன. பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும்போது போலீஸ் குதிரைகளும் உடன் செல்வது வழக்கம்.

தென்கோடியில் குதிரை என்றுமே வெளியிலிருந்து வந்த உயிர்தான். சோழர் கல்வெட்டுகள் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகளைக் குறிப்பிடுகின்றன. பாண்டியனின் பொன்னோடு குதிரை வாங்கப் புறப்பட்ட மாணிக்கவாசகர் கதையை அறியாத தமிழர் குறைவு. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டு அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குவதாகவும், ஆண்டு முடிவதற்குள் அவற்றில் பெரும்பகுதி மடிந்துபோவதாகவும் எழுதிவைத்தார். பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை என்பது அவர் கண்ட காரணம். குதிரைகளுக்குச் சோறும் இறைச்சியும் சமைத்துப் போட்டார்கள் என்கிறார். அவர் சொல்வதில் மிகை இருக்கலாம். ஆனால் அந்தச் சாவுகளில் தட்பவெப்பத்துக்கும் பங்கு இருந்திருக்கும். பிரிட்டிஷார் தங்கள் நாட்டுக் குதிரைகளை வெப்பமண்டலக் குடியேற்றங்களுக்குக் கொண்டுவந்தபோது, சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோனதைக் கண்டார்கள். வியர்வையற்ற இந்த நிலை இன்றும் சூடும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் காணப்படுகிறது. சவாரிக்குப் பிறகும் தோல் உலர்ந்திருந்து மூச்சு மட்டும் வாங்கினால் பயிற்சித் திட்டத்தை மூடிவைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

ஒரு நாளைக்கு ஒரு நோக்கம்

திட்டத்தின் முதல் வரி ஒரே ஒரு நோக்கமாக இருக்க வேண்டும். ‘இன்று நன்றாக ஓட்டுவது’ நோக்கம் ஆகாது. ‘டிராட்டிலிருந்து (மிதவோட்டத்திலிருந்து) வாக்குக்கு (நடைக்கு) இறங்கும்போது குதிரை தலையைத் தூக்காமல் இறங்க வேண்டும்’ என்பது நோக்கம். நிறைவேறியதா இல்லையா என்று பார்த்தவர் எவரும் சொல்லிவிடலாம். நம் பயிற்சி மைதானங்களில் பெரும்பாலும் நடப்பது வேறு: மாணவர் ஏறுவார், வட்டமடிப்பார், நேரம் தீரும், இறங்குவார். அதில் உடற்பயிற்சி உண்டு, பாடம் இல்லை.

நோக்கத்தைத் தேர்ந்தெடுக்கப் பழைய ஏணி ஒன்று உதவும். ஜெர்மானியக் குதிரைப்படைப் பயிற்சியிலிருந்து உருவான அந்த வரிசையில் ஆறு படிகள்: சீரான தாளம், இறுக்கமில்லாத உடல், கடிவாளத்தோடு நிதானமான தொடர்பு, பின்னங்கால்களின் உந்துவிசை, உடலின் நேர்த்தன்மை, கடைசியாக எடையைப் பின்னுக்கு வாங்கி ஒடுங்கி நடத்தல். கீழ்ப்படி ஆடினால் மேற்படிக்குப் போவதில் பயனில்லை. வாக்கில் நான்கு அடி, டிராட்டில் இரண்டு, கேண்டரில் (பாய்ச்சலில்) மூன்று என்று தாளம் காதுக்கே கேட்கும். அது குலையும் குதிரையிடம் ஒடுங்கி நடக்கச் சொல்வது வீண்.

ஏறுபவருக்கும் தனி நோக்கம் வேண்டும். வியன்னாவின் ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளியில் புதியவர்கள் நீண்ட காலம் நீள்கயிற்றில் சுற்றும் குதிரைமேல் அங்கவடியும் கடிவாள வாரும் இல்லாமல் உட்கார்ந்தே பழகுகிறார்கள். நம்மூரில் முதல் வாரத்திலேயே கேண்டர் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களைப் பார்க்கலாம். உட்காரத் தெரியாதவர் வாரைப் பிடித்துத்தான் சமநிலை தேடுவார். அதன் விலையைக் கொடுப்பது குதிரையின் வாய்.

ஏறுமுன்

லாயத்தில் கழியும் இருபது நிமிடமும் பயிற்சியில் சேர்த்திதான். ஓய்விலிருக்கும் குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை, மூச்சு 8 முதல் 16 வரை, உடல்வெப்பம் ஏறத்தாழ 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். தாடையெலும்பின் உள்பக்கம் ஓடும் தமனியில் விரல் வைத்து நாடி பார்க்கலாம். ஒவ்வொரு குதிரையின் வழக்கமான அளவையும் நோட்டில் எழுதிவைத்திருந்தால்தான் இன்றைய எண்ணுக்குப் பொருள் உண்டு. குளம்பைத் தூக்கிக் கல்லும் சேறும் எடுக்க வேண்டும். மழைமாதங்களில் அடிக்குளம்பு அழுகும், நாற்றமே காட்டிக்கொடுக்கும். லாடத்தை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிப் புதிதாக அடிப்பது வழக்கம்.

எடையையும் கணக்கிட வேண்டும். ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. 380 கிலோ குதிரைக்கு அது 76 கிலோ. சேணம் எட்டுக் கிலோ இருந்தால் ஏறுபவருக்கு மிஞ்சுவது 68 கிலோதான். நல்ல உடற்கட்டுள்ள ஆண்கள் பலரும் இந்தக் கணக்கில் சின்னக் குதிரையிலிருந்து இறங்க வேண்டியிருக்கும்.

தானியம் நிறையத் தின்றவுடன் சவாரி கூடாது. அதற்காக வெறும் வயிற்றிலும் ஏறக்கூடாது. குதிரையின் இரைப்பை இடைவிடாமல் அமிலம் சுரக்கிறது. ஓட்டத்தில் அது மேலே தெறித்து, பாதுகாப்பில்லாத மேற்பகுதியைப் புண்ணாக்கும். கொஞ்சம் புல்லோ வைக்கோலோ உள்ளே இருந்தால் தெறிப்பு அடங்கும்.

வானிலையே பாதித் திட்டம்

தசை செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் அசைவாகிறது, மற்றது வெப்பம். குதிரையின் உடல் பெரியது, அந்தப் பருமனுக்குத் தோலின் பரப்பு குறைவு. அதனால் அது மனிதனைவிட விரைவாகச் சூடேறும், மெதுவாக ஆறும். கடும் உழைப்பில் மணிக்குப் பத்து லிட்டருக்கு மேல் வியர்க்கும். அந்த வியர்வையில் உப்பு அதன் இரத்தத்தில் உள்ளதைவிடச் செறிவாக இருக்கும். தண்ணீரோடு உப்பும் கொடுக்க வேண்டியது இதனால்தான்.

வெளிநாட்டுக் கையேடுகளில் ஓர் எளிய கணக்கு உண்டு: ஃபாரன்ஹீட் வெப்பநிலையோடு காற்றின் ஈரப்பத விழுக்காட்டைக் கூட்ட வேண்டும். 130-க்குள் இருந்தால் கவலையில்லை, 150-ஐத் தாண்டினால் கவனம், 180-ஐத் தாண்டினால் சவாரியே வேண்டாம். இந்தக் கணக்கு நம் மலையடிவாரத்தில் தடுமாறுகிறது. காலை ஆறரைக்கு 24 டிகிரி செல்சியஸ், அதாவது 75 ஃபாரன்ஹீட். ஈரப்பதம் 90 என்றால் கூட்டுத்தொகை 165. பிற்பகலில் 32 டிகிரி, அதாவது 90 ஃபாரன்ஹீட். ஈரப்பதம் 75 என்றால் அதுவும் 165. எண் ஒன்றே என்றாலும் குதிரைக்கு இரண்டும் ஒன்றல்ல. காலையில் வெயில் இல்லை. காற்றும் தோலைவிடக் குளிர்ந்திருப்பதால் வியர்வை சரியாக உலராவிட்டாலும் உடற்சூடு காற்றுக்குப் போய்விடும். பிற்பகலில் அந்த வழியும் அடைபடுகிறது. வெயிலையும் சேர்த்து அளக்கும் ஈரக்குமிழ் உருண்டை வெப்பநிலைதான் சரியான அளவுகோல். பன்னாட்டுப் போட்டிகளில் அது 28 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது முன்னெச்சரிக்கைகள் தொடங்கும். 33-க்கு மேல் போட்டி நடத்துவதே ஆபத்தாகக் கருதப்படும். அந்தக் கருவி இல்லாத இடத்தில் காலை எட்டு மணிக்குள் சேணத்தை இறக்கிவிடுவது என்று வைத்துக்கொள்ளலாம்.

கல்லாற்றில் இன்னொரு காரணமும் உண்டு. ஏப்ரல், மே மாதங்களிலும் வடகிழக்குப் பருவமழையான துலாவர்ஷம் பெய்யும் அக்டோபர், நவம்பரிலும் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் இறங்கும். திறந்த மைதானத்தில் குதிரைமேல் உட்கார்ந்து மின்னலைச் சந்திக்க யாரும் விரும்பமாட்டார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் நீண்ட பாடங்களுக்கு ஏற்ற காலம்.

பயிற்சியின் போக்கு

முதல் பத்து நிமிடம் வாரைத் தளரவிட்டு வெறும் நடை. லாயத்தில் இரவெல்லாம் நின்ற மூட்டுகள் இளகுவதற்கு வேறு குறுக்குவழி கிடையாது. பிறகு எழுந்து அமரும் டிராட், அகன்ற வளைவுகள், இரு திசையிலும் சம நேரம். டிராட்டில் எந்தக் காலோடு எழுகிறோம் என்பதைத் திசை மாறும்போது மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாவிட்டால் குதிரையின் ஒரு பக்கம் மட்டும் அதிகம் உழைக்கும்.

நடுப்பகுதியில், அதாவது அடுத்த 20 முதல் 25 நிமிடம் வரை, நோக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். 20 மீட்டர் அகலமும் 40 மீட்டர் நீளமும் கொண்ட களம் போதும். 20 மீட்டர் வட்டத்தில் செய்யக்கூடிய பாடங்களே ஏராளம். இறங்குநடையைப் பழக்குவதானால் வட்டத்தின் ஒரே புள்ளியில் நான்கைந்து முறை இறங்கிப் பார்த்துவிட்டு, ஒரு நிமிடம் வாரை விட்டு நடக்கவிட வேண்டும். குதிரைக்குப் பாடமாவது அழுத்தம் அல்ல, அழுத்தம் விலகும் கணம். அது சரியாகச் செய்த நொடியே காலும் கையும் தளர வேண்டும். இரண்டு நொடி தாமதித்தால் வேறெதையோ கற்றுக்கொள்ளும். ஏறுபவரின் நேரத்துல்லியம்தான் குதிரையின் புத்திசாலித்தனமாகப் பார்ப்பவர்களுக்குத் தெரிகிறது.

எத்தனை முறை திரும்பச் செய்வது என்பதில்தான் ஆசை குறுக்கே வரும். சரியாக வந்துவிட்டால் இன்னொரு முறை பார்க்கலாமே என்று தோன்றும். அந்த இன்னொரு முறையில்தான் பெரும்பாலும் கெடுகிறது. 1980-இல் வெளியான ஆய்வு ஒன்றில் மட்டக்குதிரைகளுக்கு வாரம் ஒருநாள், இருநாள், ஏழு நாள் என்று மூன்று விதமாக ஒரே பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். வாரம் ஒருநாள் மட்டும் கற்றவைதான் குறைந்த எண்ணிக்கையிலான பாடங்களில் தேறின. நாள்கணக்கில் அவற்றுக்குக் காலம் கூடியது என்பது உண்மை. இருந்தாலும் ஒவ்வொரு பாடமும் அதிகம் பலித்தது.

மலைப்பாதையில் செல்லும் நாளில் களப்பாடத்தைக் கலக்கக்கூடாது. ஏற்றத்தில் நிதானமாக நடப்பது பின்தொடைக்கு வலுவூட்டும். இறக்கம் முன்னங்கால் நாண்களை வருத்தும். ஆகவே களைப்பு இல்லாதபோது ஏறி, முழுக்க வாக்கிலேயே இறங்குவது முறை. தார்ச்சாலையில் டிராட் வேண்டாம்; வளைவுகளில் பஸ் வரும். ஆற்றின் உருண்டைக் கற்களில் குதிரை தானே தலை தாழ்த்தி இடம் பார்த்துக் கால்வைக்க வார் தளர்ந்திருக்க வேண்டும். மலைமேல் மழை கறுத்திருந்தால் ஆற்றில் இறங்கவே கூடாது, வெள்ளம் சொல்லாமல் வரும். காட்டுக்குள் போவதற்கு வனத்துறை அனுமதி தேவை.

ஆற்றுதல்

கடைசிப் பத்து நிமிடம் மீண்டும் நடை. இறங்கியதும் சேணத்தின் வயிற்றுவாரைத் தளர்த்தி, நிழலில் நிறுத்தி, உடல் முழுதும் தொடர்ந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். சூடான குதிரைமேல் குளிர்ந்த நீர் பட்டால் தசை பிடித்துக்கொள்ளும் என்ற பயம் லாயங்களில் இன்னும் இருக்கிறது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின் வெக்கையை முன்னிட்டு நடந்த ஆய்வுகள் அதற்கு ஆதாரமில்லை என்று காட்டிவிட்டன. குடிக்கத் தண்ணீர் உடனே கொடுக்கலாம்.

பயிற்சி அளவாக இருந்ததா என்பதை நாடி சொல்லும். நெடுந்தொலைவுப் போட்டிகளில் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் குறித்த நிமிடங்களுக்குள் நாடி 64-க்கு இறங்காத குதிரை வெளியேற்றப்படும். கேரளத்தின் திரூரைச் சேர்ந்த நிதா அஞ்சும் 2023-இல் பிரான்சின் காஸ்தெல்சக்ரா ஊரில் நடந்த இளையோர் உலகப் போட்டியில், எப்சிலோன் சாலூ என்ற குதிரைமேல் 120 கிலோமீட்டரை முடித்தது இந்த விதியின்கீழ்தான். அவருடைய சராசரி வேகம் மணிக்குப் பதினாறு கிலோமீட்டரை ஒட்டியது. நல்ல டிராட்டைவிடச் சற்றுத்தான் கூடுதல். சாதாரணப் பயிற்சிக்குப் பின் பத்து, பதினைந்து நிமிடத்தில் நாடி 60-ஐ ஒட்டி வராவிட்டால் அடுத்த நாள் திட்டத்தைக் குறைக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது குதிரை சேணமே காணக்கூடாது.

இந்த எண்களையெல்லாம் லாயத்தில் வேலை பார்ப்பவர் எழுதிவைத்திருக்கும் நோட்டுத்தான் ஒரு பயிற்சிப் பள்ளியின் தரத்தைக் காட்டும். கட்டணம் கட்டுமுன் அந்த நோட்டைக் கேட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தரப்போகும் குதிரை அன்று எத்தனையாவது முறையாகச் சேணம் சுமக்கிறது என்பதையும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் சேர வேண்டாம்.