சினமுற்ற தலைமையும் வாயடைத்த அவையும்

தில்லிச் சுல்தான் முஹம்மது பின் துக்ளக் (1325–1351) கல்வியிற் குறைந்தவரல்லர். தர்க்கமும் தத்துவமும் மருத்துவமும் கற்றவர், வாரி வழங்கியவர். ஆண்டுக்கு 12,000 தீனார் ஊதியத்தில் அவரிடம் காழியாயிருந்த இப்னு பதூதா, கொடையும் கொலையும் ஒரே வாயிலில் நிகழக் கண்டதாக எழுதியுள்ளார். சுல்தானின் வெறுப்புக்கு ஆளான ஷைகு ஷிஹாபுத்தீனைச் சென்று கண்டமைக்காக அவரே காவலில் வைக்கப்பட்டார்.

தலைநகர் மாற்றமும், செம்பு நாணயமும், தோஆப் வரியுயர்வும் தோல்வியுற்றன. மதுரை தனியரசாயிற்று. தோல்வி பெருகப் பெருகச் சினமும் பெருகிற்று. கலகம் தண்டனையை வளர்த்தது. தண்டனை மறு கலகத்தை ஈன்றது.

1345-இல் குஜராத் கலகத்தை அடக்கச் செல்லும் வழியில், சுல்தான் தம் அணுக்கராகிய வரலாற்றாசிரியர் ளியாவுத்தீன் பரனியுடன் உரையாடினார். கலகங்களுக்கெல்லாம் காரணம் தண்டனையின் கடுமையே என்று சொல்லப் பரனியின் நா துடித்தது. ஆயினும் அச்சம் அதனை அடக்கிவிட்டது. சுல்தான் மறைந்தபின்னரே அவர் அதனை ஏட்டில் எழுதினார்.

சிந்துவில், கலகக்காரனொருவனைத் தொடர்ந்து சென்ற படையெடுப்பினிடையே, 1351-இல் சுல்தானின் வாழ்வு முடிந்தது.

இதிலிருந்து நாம் உணர்வது யாது? நெருக்கடியில் தலைவனுக்கு இன்றியமையாதது உண்மைச் செய்தி. அவனது சினம் முதலில் விரட்டுவதும் அதனையே. கடையாயினும் கல்விக்கூடமாயினும், நம் கீழ்ப் பணிபுரிவோர் நம்மிடம் குறையே கூறுவதில்லை எனில், குறையில்லை என்று மகிழ்வதற்கு முன் நம் முகத்தை நாம் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.