இனம் என்ற பெயரும் மூதாதை வழி என்ற உண்மையும்

சிராங்கூன் சாலையிலிருந்து சையத் ஆல்வி சாலை வழியாக ஜாலான் புசாருக்கு நடப்போர், வாழையிலையில் கையால் உண்போரையும் கிண்ணத்திலிருந்து குச்சிகளால் உண்போரையும் சில நிமிட இடைவெளியில் காணலாம். ஓர் ஆய்வாளர் இவ்விரு சாராரின் குருதியையும் சோதித்து, குச்சியால் உண்போரிடம் மிகுந்திருக்கும் ஒரு மரபணுக் கூற்றைக் கண்டு, அத்திறனைத் தருவது இக்கூறே என அறிவித்தால் நாம் நகைப்போம். அக்கூறு சீன மூதாதையரிடமிருந்து வந்தது; உண்ணும் முறை வீட்டில் கற்றது. இரண்டும் ஒரே மக்களிடம் அமைந்ததால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. மரபியல் அறிஞர்களான எரிக் லேண்டரும் நிக்கோலஸ் ஷோர்க்கும் 1994இல் இத்தகைய எடுத்துக்காட்டைக் கூறியே எச்சரித்தனர். நோய் ஆய்வில் இதே பிழை நேரும்போது நாம் நகைக்க இயலாது.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பீமா முதலிய தொல்குடியினர் 4,920 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 1988இல் வெளிவந்தது. குறிப்பிட்ட ஒரு மரபணுக் கூறு உடையோரில் 8 விழுக்காட்டினருக்கே நீரிழிவு இருந்தது. அக்கூறு இல்லாதோரில் 29 விழுக்காட்டினருக்கு இருந்தது. அக்கூறு நோயைத் தடுக்கிறது என்று முடிவுகட்டவே தோன்றும். ஆனால் வில்லியம் நோலர் குழுவினர் ஒவ்வொருவரின் ஐரோப்பிய மூதாதை வழியின் அளவையும் கணக்கிற்கொண்டபோது, அத்தொடர்பு ஏறத்தாழ மறைந்தது. அக்கூறு ஐரோப்பியக் கலப்பின் அடையாளமே அன்றி, நோய்க்குத் தடையன்று. ஏராளமான மரபணுக் குறியிடங்களை ஒருசேர ஒப்பிட்டு, மூதாதை வழியின் விளைவைப் பிரித்தெடுக்கும் புள்ளியியல் முறையொன்றை ஆல்கஸ் பிரைஸ் குழுவினர் 2006இல் வெளியிட்டனர்.

அடையாள அட்டையில் உள்ள இனத்தைக் குறித்துக்கொண்டாலே போதாதா என்று மாணவர் வினவலாம். விடை நம் நகரின் வரலாற்றிலேயே உள்ளது. 1822இல் ராஃபிள்ஸ் வகுக்கச் செய்த நகரத் திட்டம் சூலியருக்கும் சீனருக்கும் பிறருக்கும் தனித்தனிப் பகுதிகளை ஒதுக்கியது. நீரிணைக் குடியேற்றங்களின் 1891ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு, 'தமிழரும் இந்தியாவின் பிற மக்களும்' என்ற தலைப்பின்கீழ் மக்களைத் தொகுத்தது. பின்னர் 'இந்தியர்' என்ற ஒரே சொல் தமிழர், மலையாளிகள், பஞ்சாபியர், சிந்திகள், குஜராத்தியர் அனைவரையும் தழுவியது. இவை ஆட்சியின் வசதிக்காக எழுந்த பெயர்கள். உடலின் வரலாற்றை ஆராய்ந்து இட்ட பெயர்கள் அல்ல.

அவ்வுடலின் வரலாறு எத்துணைப் பன்மை வாய்ந்தது என்பதை 2009இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. ஹைதராபாத்தின் உயிரணு, மூலக்கூற்று உயிரியல் மையத்தாரும் அமெரிக்க அறிஞரும் இந்தியாவின் 25 குழுக்களைச் சேர்ந்த 132 பேரை ஆராய்ந்தனர். பெரும்பாலான குழுக்கள் இரு பழம்பெரும் மக்கள்திரளின் கலப்பில் தோன்றியவை என்றும், கலப்பின் அளவு குழுவுக்குக் குழு வேறுபடுகிறது என்றும் கண்டனர். சிறு எண்ணிக்கையினரிடமிருந்து பெருகி, தலைமுறைதோறும் தமக்குள்ளேயே மணந்துகொண்ட குழுக்களில் சில அரிய நோய்கள் மிகுந்திருக்கக்கூடும் என்பதையும் சுட்டினர்.

அதே ஆண்டில் சிங்கப்பூரிலும் ஒரு தொடக்கம் நிகழ்ந்தது. இங்குள்ள சீனர் 96 பேர், மலாய்க்காரர் 89 பேர், இந்தியர் 83 பேர் என 268 பேரின் மரபணு வேறுபாடுகள் தொகுத்து வெளியிடப்பட்டன. 2019இல் வெளியான அடுத்த பெருந்தொகுப்பு 4,810 பேரின் முழு மரபணுத்தொகையை ஆராய்ந்தது. அவர்களுள் 1,127 பேர் இந்தியர். அதில் கண்ட ஏறத்தாழ 9.8 கோடி வேறுபாடுகளில் பாதிக்கும் மேற்பட்டவை அதுவரை பதிவாகாதவை. ஐரோப்பிய வழியினரையே பெரிதும் ஆராய்ந்த உலக அறிவில் நம் மக்களுக்கான இடம் எவ்வளவு வெறுமையாக இருந்தது என்பதற்கு இதுவே சான்று.

அவ்வெறுமை உயிருக்கே ஊறு விளைவிக்கும். கார்பமாசெபின் என்பது வலிப்பு நோய்க்குத் தரப்படும் மருந்து. அரிதாகச் சிலருக்கு அது தோலை உரித்துக் கொல்லும் கடும் ஒவ்வாமையை உண்டாக்குகிறது. 2004இல் தைவான் அறிஞர் அத்தகைய நோயாளிகள் 44 பேரை ஆராய்ந்தனர். அனைவரிடமும் 'எச்எல்ஏ-பி 15:02' என்ற மரபணு வடிவம் இருந்தது. மருந்தைத் தாங்கியோரில் அதனை உடையவர் 3 விழுக்காட்டினரே. இவ்வடிவம் ஐரோப்பியரிடம் மிக அரிது. ஆதலால் அவர்களை மட்டும் ஆராய்ந்திருந்தால் இது புலப்பட்டிராது. 2013 ஏப்ரலில் சிங்கப்பூரின் சுகாதார அமைச்சும் சுகாதார அறிவியல் ஆணையமும், ஆசிய வழியினருக்கு இம்மருந்தைப் புதிதாகத் தொடங்குமுன் மரபணுச் சோதனை செய்வதை வழக்கமான மருத்துவ நெறியாக்கின.

இந்நெறியில் ஒரு தெளிவு உள்ளது. யாரைச் சோதிக்க வேண்டும் என்பதை மூதாதை வழி உணர்த்துகிறது. யாருக்கு மருந்து ஆகாது என்பதைச் சோதனையே முடிவு செய்கிறது. சீனர் என்பதாலேயே ஒருவருக்கு அம்மருந்தை மறுப்பதும், இந்தியர் என்பதாலேயே ஒருவருக்கு அஞ்சாது கொடுப்பதும் பிழையாகும். ஆகவே வகுப்பறையில் இப்பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், இனம் என்பதையும் மூதாதை வழி என்பதையும் ஒரே பொருளில் ஆளாதிருத்தல் நன்று. முன்னது பதிவேடு தந்த பெயர். பின்னது நம் உடலில் பதிந்துள்ள நெடும் பயணம். சொற்கள் தெளிந்தால் மாணவரின் சிந்தனையும் தெளியும்.