ஊரின் ஓரமும் ஊரே: மணவாள நகர் வளர்ந்த வரலாறு



பழைய ஊர்கள் பெரும்பாலும் ஓர் ஆற்றையோ, ஏரியையோ, வழிபாட்டுத் தலத்தையோ நடுவாகக் கொண்டு தோன்றின. திருவள்ளூரின் பழைய நகரம் வீரராகவர் கோயிலைச் சூழ்ந்து அமைந்தது. ஆனால் அதன் இரயில் நிலையத்தை ஒட்டியுள்ள மணவாள நகரை வளர்த்தவை தண்டவாளமும் தொழிற்சாலையும் ஆகும். வெங்கத்தூர் ஊராட்சியின் பகுதியாக விளங்கிய இவ்வூரின் வரலாற்றை அறிந்தால், இங்கு வாழும் நம் நிலையும் விளங்கும்.

1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் தென்னிந்தியாவின் முதல் பயணியர் இரயில் பாதை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. திருவள்ளூர் அப்பாதையில் அமைந்துள்ளது. 1979இல் சென்னை சென்ட்ரலுக்கும் திருவள்ளூருக்கும் இடையிலான பாதை மின்மயமானது. நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள சென்னைக்கு அதிகாலையில் புறப்பட்டு இரவில் வீடு திரும்பும் வாழ்க்கை அதன்பின் எளிதாயிற்று.

இதற்கிடையே தொழிற்சாலைகளும் வந்தன. மண் அள்ளும் இயந்திரங்களைத் தயாரிக்கும் ஆலையை இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் திருவள்ளூர் அருகே 1970களில் நடத்தியது. அது பின்னர் கேட்டர்பில்லர் நிறுவனத்தின் கைக்கு மாறியது. தெற்கே திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006இல் அங்கு வந்த நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். ஆலையின் கதவு திறந்தால் வாடகை வீடுகள் நிரம்புவதும், மூடினால் காலியாவதும் இத்தகைய ஊர்களின் இயல்பாகிவிட்டது.

இவ்வாறு வளர்ந்த ஊரில் வாழ்வது எப்படிப்பட்டது? வசதிகள் உண்டு. நகரத்தைவிடக் குறைந்த வாடகை, வாசலருகே இரயில், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், சற்றே காற்றோட்டம். ஆயினும் ஒரு குறை உண்டு. மதரஸாவில் ஓத வரும் பிள்ளைகளிடம், "உங்கள் ஊர் எது?" என்று கேட்டால், இங்கேயே பிறந்தவர்கள்கூட வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் என்று பாட்டனாரின் ஊரையே சொல்கின்றனர். இருபது ஆண்டுகளாக இங்கு வாழ்பவரின் மஹல்லா சந்தாவும் திருமணமும் ஜனாஸாவும் சொந்த ஊரைச் சேர்ந்தவையாகவே இருக்கின்றன. பூர்வீகத்தை நேசிப்பது நன்று. ஆனால் இது நம் ஊரன்று என்ற எண்ணம் மனத்தில் தங்கினால், தெருவின் குப்பையும் ஏரியின் கரையும் எவருக்கும் பொறுப்பில்லாதவை ஆகிவிடும். சென்னை மக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் கூவம் ஆறு நம் பகுதியைக் கடந்தே அங்கு செல்கின்றது. இங்கு நாம் கொட்டுவது அங்குள்ளோரின் வாசலை அடைகின்றது.

மதீனாவும் ஒரு காலத்தில் வந்தேறிகளால் வளர்ந்த ஊரே. கி.பி. 622இல் ஹிஜ்ரத் நிகழ்ந்தபோது, நபி (ஸல்) அவர்கள் முஹாஜிர்களையும் அன்ஸாரிகளையும் சகோதரர்களாக இணைத்தார்கள். ஸஅத் பின் ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களோ அவருக்காக துஆச் செய்துவிட்டு, கடைத்தெருவுக்கு மட்டும் வழி கேட்டார்கள். ஊர்க்காரர் மனத்தைத் திறந்தார். வந்தவர் பாரமாக இருக்க விரும்பவில்லை. இவ்விரண்டும் சேர்ந்தே அவ்வூரை உருவாக்கின.

அதே மதீனாவின் ஓரத்தில் பனூ ஸலிமா குலத்தார் வாழ்ந்தனர். பள்ளிவாசல் தொலைவில் இருந்ததால், அதன் அருகே குடிபெயர விரும்பினர். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். பள்ளிவாசலை நோக்கி எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடிக்கும் நன்மை உண்டென்று ஆறுதல் கூறினார்கள். மதீனாவின் எல்லைப்புறம் வெறுமையாவதை அவர்கள் விரும்பவில்லை என்று ஸஹீஹுல் புகாரியின் அறிவிப்பு கூறுகின்றது. ஓரத்தில் வாழ்வோரும் அவ்வூரைக் காப்பவர்களே என்பது இதில் நமக்குள்ள பாடம்.

திருக்குர்ஆனின் 4ஆம் அத்தியாயம் 36ஆம் வசனம், உறவினரான அண்டை வீட்டாருக்கும் அந்நியரான அண்டை வீட்டாருக்கும் பக்கத்தில் இருக்கும் தோழருக்கும் நன்மை செய்யுமாறு பணிக்கின்றது. பக்கத்துத் தோழர் என்பதற்குப் பயணத் தோழர் என்றும் விரிவுரையாளர்கள் பொருள் கூறியுள்ளனர். நாள்தோறும் மின்சார இரயிலில் அருகே அமர்பவரும், எதிர்வீட்டில் வாடகைக்கு இருக்கும் வடமாநிலத் தொழிலாளியும், எந்த மதத்தவராயினும், இதில் அடங்குவர்.

எனவே செய்ய வேண்டியவை பெரியவை அல்ல. புதிதாகக் குடிவந்தவரின் பெயரை ஒரு வாரத்திற்குள் அறிந்துகொள்வோம். வேலை இழந்த வாடகைதாரரின் வீட்டில் அடுப்பு எரிகின்றதா என்று விசாரிப்போம். ஊராட்சிகளில் குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் ஆகியவற்றில் கிராம சபை கூடுகின்றது. அங்கு சென்று குடிநீரையும் வடிகாலையும் பற்றிப் பேசுவோம். பிள்ளைகள் தம் ஊர் மணவாள நகர் என்று தயக்கமின்றிச் சொல்லும்படி அவர்களை வளர்ப்போம்.

நாம் வாழும் ஊரை அமைதியும் பரக்கத்தும் நிறைந்ததாக அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.