வேலியே பயிரை மேய்ஞ்ச கதை

சர்வருக்கு அனுப்பறதுக்கு முன்னாடி கான்ஃபிகை செக் பண்ணணும், சரி. செக் பண்றவனை யார் செக் பண்றது?

2010 செப்டம்பர் 23. ஃபேஸ்புக் சுமார் இரண்டரை மணி நேரம் படுத்துச்சு. கேஷில் தப்பான மதிப்பு இருந்தா டேட்டாபேஸிலிருந்து நல்லதை எடுத்துப் போடறது அங்கிருந்த தானியங்கிச் சரிபார்ப்போட வேலை. அன்னிக்கு மூல மதிப்பையே மாத்தினாங்க, அதுவே செல்லாதுன்னுடுச்சு. எல்லா கிளையண்டும் டேட்டாபேஸ் மேல பாய, நொடிக்கு லட்சக்கணக்கான கேள்விகள். பதில் வராம எரர் வந்தா? அதுவும் தப்பான மதிப்பாம்! கேஷை அழிச்சிட்டு திரும்பவும் கேள்வி. கடைசியில சைட்டையே நிறுத்தினாங்க.

2021 அக்டோபர் 4-ல் தப்பான கட்டளையைத் தடுக்க வேண்டிய தணிக்கைக் கருவியிலேயே பக். பேக்போன் அறுந்து சுமார் ஆறு மணி நேரம் அம்பேல்.

பழைய விசூடோ தேவலை. தப்பிருந்தா 'இப்ப என்ன?'ன்னு கேட்டுட்டு சும்மா நிக்கும்.