வான்வழித் தூரமும் வாசல்வழித் தூரமும்

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு ஊரிலிருந்து அவசரச் செய்தி வந்தால், அங்கிருப்பவர்கள் "எத்தனை கிலோமீட்டர்?" என்று கேட்பதில்லை. "எப்ப வந்து சேருவே?" என்றுதான் கேட்கிறார்கள். தூரமும் நேரமும் ஒன்றல்ல என்பதற்கு நம் வைட்ஃபீல்டின் வரலாறே சான்று.

மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜேந்திர உடையார் வழங்கிய 3,900 ஏக்கர் நிலத்தில், 1882-இல் ஆங்கிலோ இந்தியர்களுக்காக உருவான குடியிருப்பு இது. சென்னை ரயில் 1864-லேயே பெங்களூர் கண்டோன்மெண்டுக்கு வந்துவிட்டது. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹிராசந்த் மைசூர் சமஸ்தானத்தின் ஆதரவோடு விமானத் தொழிற்சாலை தொடங்கினார். இன்றைய எச்.ஏ.எல். அதுதான். அதன் ஓடுதளமே 2008 மே வரை நகரத்தின் பயணிகள் விமான நிலையமாகவும் இருந்தது. நமக்கோ அது பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான்.

அந்த மே மாதம் தேவனஹள்ளியில் புதிய விமான நிலையம் திறக்கப்பட்டது. அங்கிருந்து மீனம்பாக்கத்துக்கு வான்வழியில் சுமார் 268 கிலோமீட்டர். பழைய நிலையத்திலிருந்தும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆகாயத்தில் எதுவும் மாறவில்லை. தரையில்தான் வீட்டுக்கும் விமானத்துக்கும் இடையே 40 கிலோமீட்டர் ஆகிவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்ப்போமே. நிலையம் போய்ச் சேர எனக்கு ஒன்றரை மணி நேரம், சோதனைக்கும் காத்திருப்புக்கும் ஒன்றரை, பயணம் ஒன்று, பெட்டியை எடுத்து வெளியே வர அரை. மொத்தம் நாலரை மணி. கிருஷ்ணராஜபுரத்தில் விரைவு ரயில் ஏறினால் ஐந்து, ஆறு மணி நேரத்தில் சென்ட்ரல். போக வேண்டிய வீடு பெரம்பூர்ப் பக்கம் என்றால் வித்தியாசம் இன்னும் குறைகிறது. டிக்கெட் விலையோ சொல்லவே வேண்டாம்.

நேர்மாறான கதை அமெரிக்கப் பயணம். முன்பெல்லாம் சான் பிரான்சிஸ்கோ போக வழியில் விமானம் மாறி, 20 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2021 ஜனவரி 9 இரவு அங்கிருந்து கிளம்பிய ஏர் இந்தியா விமானம், கேப்டன் சோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே ஓட்ட, வட துருவத்தின் மேலாகப் பறந்து 11-ஆம் தேதி அதிகாலை பெங்களூரில் இறங்கியது. நேர்த்தூரம் சுமார் 14,000 கிலோமீட்டர். பறந்த நேரம் சுமார் 17 மணி. தேதி இரண்டு தள்ளியதற்குக் காரணம், அங்கே கடிகாரம் நமக்குப் பதிமூன்றரை மணி நேரம் பின்னால் ஓடுவதே.

துருவம் வழியாக ஏன் சுற்ற வேண்டும் என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. சுற்றவில்லை, அதுதான் குறுக்குவழி. இரண்டு ஊர்களும் உலக உருண்டையின் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. பேரனின் பூகோள உருண்டையில் இரண்டுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது உச்சிக்கு அருகில்தான் போகும். தட்டையான வரைபடம் இதைக் காட்டாது.

ஆகவே, வயதான பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு இங்கே வீடு வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். விளம்பரத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டரை நம்பாமல், இந்த வாசலிலிருந்து அந்த வாசல்வரை ஆகும் நேரத்தை ஒருமுறை நீங்களே போய்வந்து குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.